அழித்து எழுதிய கல்: செட்டிநாட்டுப் பயணக் குறிப்பு

தஞ்சாவூரையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் மாமல்லபுரத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் செட்டிநாடு முதலில் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். எந்தப் பேரரசும் இங்கே தலைநகர் அமைக்கவில்லை. பாண்டியர், சோழர், கன்னட நாட்டுப் போசளர், இராமநாதபுரத்துச் சேதுபதிகள், புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் என்று கை மாறிக்கொண்டே இருந்த வறண்ட எல்லைப் பகுதி இது. ஆனால் பொதுவிடத்தில் எழுப்பப்படும் பெருஞ்சிற்பத்துக்கும் அரசியல் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பார்க்க வேண்டுமென்றால், ஒரே அரசனின் குரல் ஓங்கி ஒலிக்கும் தலைநகரைவிட இப்படிப்பட்ட நிலமே வசதியானது என்பது என் எண்ணம். தலைநகரில் எழுப்பியவன் பெயர் நிற்கும். இங்கேயோ எழுப்பியவன், கைப்பற்றியவன், செதுக்கி அழித்தவன், பிரித்துக் கட்டியவன் எல்லோருடைய உளித்தடமும் அடுத்தடுத்துக் கிடக்கிறது. காரைக்குடியில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, திருமயம் முதல் காளையார்கோவில் வரை உள்ள சில ஊர்களை இந்த நினைப்போடு சுற்றி வந்தேன்.

பிள்ளையார்பட்டியில் கூட்டமில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. வரிசையில் நகர்ந்து கருவறைக்கு எதிரே வந்து நிற்கும்போது, அலங்காரத்துக்கும் கவசத்துக்கும் பின்னால் இருப்பது பாறையோடு பாறையாகச் செதுக்கப்பட்ட புடைப்புச் சிற்பம் என்பதே பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஏறத்தாழ ஆறடி உயரம், வடக்கு நோக்கி அமர்ந்த கோலம், இரண்டே கைகள், வலப்பக்கம் சுழித்த துதிக்கை. கோபுரமும் மண்டபங்களும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில் அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அதன் தூண் ஒன்றில், தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து வடிவில், ‘எக்காட்டூருக் கோன் பெருந்தசன்’ என்று ஒரு சிறு கல்வெட்டு உள்ளது. இதைச் சிற்பியின் பெயராகவே ஆய்வாளர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள்.

இந்த ஒரு வரிக்காகவே பிள்ளையார்பட்டியிலிருந்து பயணத்தைத் தொடங்கினேன். விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இக்கோயிலைச் செய்வித்தவன் நான் என்று மகேந்திரவர்மன் தன் பட்டப்பெயரோடு பொறித்துவைத்திருக்கிறான். உளி பிடித்த கை யாருடையது என்று அங்கே ஒரு சொல் இல்லை. இன்றைய ஈராக்கில் இருந்த பழைய அசீரியாவில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் கல்ஹு நகரத்தில் அரண்மனை கட்டிய இரண்டாம் அசூர்நசிர்பால், சுவரில் பதித்த கற்பலகைகளில் தன் பெருமையைச் சொல்லும் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப வெட்டச் செய்தான். சிற்பத்தின் உடலென்றும் உடையென்றும் பாராமல் எழுத்து குறுக்கே ஓடும். அதைச் செதுக்கியவன் எத்தனை மனம் நொந்திருப்பான் என்று அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அரசன் கண் முழுமையாக எட்டாத ஓர் ஊரில் தச்சன் ஒருவன் தன் பெயரைத் தூணில் விட்டுச்செல்ல முடிந்தது என்பது சிறிய செய்தியன்று.

குன்றக்குடிக் குடைவரைகளைப் பார்க்க மலை ஏற வேண்டியதில்லை. மேலே சண்முகநாதரைத் தரிசிக்க ஏறும் கூட்டத்தில் பலர் அடிவாரத்துக் குடைவரைப் பக்கம் திரும்புவதே இல்லை. எனவே அமைதியாகப் பார்க்கலாம். ஆனால் இந்தப் பயணத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த இடம் திருமயம்.

புதுக்கோட்டை–காரைக்குடிச் சாலையில், கோட்டை மதிலோடு எழும் குன்றின் தென்புறத்தில், ஒரே பாறையைக் குடைந்து சத்தியகிரீசுவரருக்கும் சத்தியமூர்த்திப் பெருமாளுக்கும் அடுத்தடுத்து இரண்டு கோயில்கள் உள்ளன. பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. உள்ளே, பாறையின் அகலம் முழுவதும் நீண்டு பள்ளிகொண்டிருக்கும் திருமெய்யரைக் காணப் போதிய வெளிச்சம் கிடையாது. பட்டர் தீபத்தைத் தலையிலிருந்து திருவடி வரை மெல்ல நகர்த்திக் காட்டுகிறார். வெளிச்சம் போகும் வழியில்தான் உருவம் பகுதி பகுதியாகத் துலங்குகிறது. பின்சுவரில் தேவர்களும் முனிவர்களும் கூடியிருக்க, திருவடிப் பக்கத்தில் மது, கைடபர் ஆகிய அசுரர்கள் ஆதிசேடன் உமிழும் நச்சுத்தீக்கு அஞ்சிப் பின்வாங்குகிறார்கள். ஆண்டவன் கண்ணை மூடிக் கிடக்கும்போதே பகைவன் ஓடுகிறான் என்னும் இந்தக் காட்சி, மண்ணை ஆண்ட மன்னர்களுக்கும் எவ்வளவு உவப்பாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிவன் கோயிலில் கதை வேறு. அங்கே குகைச் சுவரில் ஒரு காலத்தில் இசை பற்றிய கிரந்தக் கல்வெட்டு ஒன்று இருந்தது. இதே வட்டாரத்தில் குடுமியான்மலையில் முழுமையாகக் கிடைத்துள்ள புகழ்பெற்ற இசைக் கல்வெட்டின் இனத்தைச் சேர்ந்தது அது. 13ஆம் நூற்றாண்டில் அதைக் கொத்தி அழித்துவிட்டு, அதன் மேல் வேறொன்றை வெட்டினார்கள். அந்த வேறொன்று ஒரு தீர்ப்பு. இரண்டு கோயில்களின் நிருவாகத்தாருக்கும் இடையே நிலம், விளைச்சல் ஆகியவற்றின் பங்கு குறித்து நெடுநாள் வழக்கு நடந்து வந்தது. பாண்டிய நாட்டில் அப்போது போசளர்களின் கை ஓங்கியிருந்தது. அவர்களுடைய படைத்தலைவரான அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் 1245இல் சமரசம் ஏற்பட்டது. சைவருக்கு இன்னது, வைணவருக்கு இன்னது என்று பிரித்து எழுதிய அந்த முடிவை ஊரறியப் பொறிக்க ஒரு சுவர் தேவைப்பட்டது. ஏழிசையின் பெயர்களைத் தாங்கியிருந்த சுவரே அதற்கு வாய்த்தது.

“அந்த மூலையில பாருங்க சார், பழைய எழுத்து கொஞ்சம் தப்பிக் கிடக்கு” என்று காவலாளி கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தார். நேராக அடித்தால் எதுவும் தெரிவதில்லை. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது, நெருக்கமாக விழுந்த உளிக்கொத்துகளால் சொரசொரவென்று ஆன பரப்பும், அதன் மேல் பதிந்த பின்னாளைய வரிகளும், ஓரத்தில் எஞ்சிய கிரந்த வளைவுகளும் தனித்தனியே எழுந்து வருகின்றன. விரலை வைத்துத் தடவிப் பார்க்கத் தோன்றியது, தடவவில்லை.

இங்கே நிற்கும்போது உரோம் நகரத்து ஃபோரத்தில் உள்ள செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. பேரரசரையும் அவர் மக்கள் காரகல்லா, கேட்டா இருவரையும் போற்றி கி.பி. 203இல் எழுந்த வளைவு அது. தந்தை இறந்த 211ஆம் ஆண்டிலேயே அண்ணன் தம்பியைக் கொன்றான். கொன்றதோடு நிற்காமல் பேரரசு முழுவதும் தம்பியின் பெயரையும் முகத்தையும் அழிக்கச் செய்தான். வளைவின் உச்சியில் கேட்டாவின் பெயர் இருந்த வரியைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் தந்தைக்கும் தனக்குமான புகழ்மொழியை நிரப்பினான். ஆனால் பழைய உலோக எழுத்துகளைப் பொருத்துவதற்காகக் கல்லில் இட்ட துளைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டே அங்கே முன்பு இருந்த வாசகத்தைப் படித்துவிட்டார்கள்.

காரகல்லாவின் செயலில் பகை இருந்தது. யாரை மறைக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். திருமயத்தில் இசையோடு யாருக்கும் பகை இல்லை. சுவரை விட்டால் வேறு இடம் இல்லை, தீர்ப்பு எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், அவ்வளவே. எனக்கென்னவோ அதிகாரத்தின் இயல்பை இந்தக் கோபமற்ற அழிப்பே கூடுதலாகக் காட்டிக்கொடுக்கிறது என்று தோன்றுகிறது. ஒரு சிலையையோ கல்வெட்டையோ புதிதாக எழுப்பப் பொருள் இருந்தால் போதும். இருக்கிற ஒன்றின் மேல் உளி வைக்க உரிமை வேண்டும். அந்த உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே அந்தக் காலத்தில் அந்த ஊரை ஆள்பவர். ஊரின் பெயரைத் தேடி அரசமரபுப் பட்டியலைப் புரட்டுவதைவிட, எந்தக் கல் எப்போது கொத்தப்பட்டது என்று பார்ப்பது நல்ல வழி.

குன்றின் மேலுள்ள கோட்டை 1687இல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி கட்டியது. பின்னாளில் அது தொண்டைமான்கள் கைக்கு வந்தது. உச்சியில் பீரங்கி ஒன்றும், வழியில் பாறையைக் குடைந்த சிறு சிவலிங்கக் கோயிலும் உண்டு. வெயில் ஏறுமுன் ஏறிவிடுவது நல்லது. பாறை சூடேறிவிட்டால் வெறுங்காலை வைக்க முடியாது. மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் கண்மாய்களும் கருவேலங்காடுமாகத் தெரியும். கோயில்களைப் பொறுத்தவரை கோட்டை சொல்லும் செய்தி ஒன்றே: கீழே சைவரும் வைணவரும் பங்கு பிரித்துக்கொள்ளட்டும், மேலே துப்பாக்கி எங்களுடையது.

திருமயத்திலிருந்து புதுக்கோட்டை நோக்கிப் போகும் வழியில் நமணசமுத்திரம் பக்கம் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயில் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் பாதையின் இருபுறமும் மண்குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. முன்வரிசையில் வண்ணம் மங்காதவை. பின்னால் போகப் போகக் காது உதிர்ந்தவை, முகம் போனவை, வயிறு பிளந்து உள்ளே புல் முளைத்தவை, வெறும் கால்கள் மட்டும் நிற்பவை. ஒரு குதிரையின் கழுத்தருகே குனிந்து பார்த்தேன். மணிமாலை ஒவ்வொன்றையும் தனியே உருட்டி ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார்கள். அந்த விரல் ரேகை சுட்ட மண்ணில் அப்படியே இருக்கிறது. பெருந்தச்சனின் எழுத்தைப் போல இதுவும் ஒரு கையொப்பம் என்று சொல்லத் தோன்றுகிறது, படிக்கத்தான் முடியாது.

பூசாரியோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம், “பழைய குதிரைகளைச் சரிசெய்ய மாட்டீர்களா ஐயா?” என்று கேட்டேன்.

“பழசைத் தொடக் கூடாது தம்பி. விழுந்தா விழுந்ததுதான். அடுத்த புரவி எடுப்புக்குப் புதுசு வரும். ஊர் கூடிப் பிடிமண் குடுத்தாத்தான் வேளார் கை வைப்பாக” என்றார்.

பிடிமண் கொடுப்பது என்பது குதிரை செய்யச் சொல்லி வேளாரிடம், அதாவது ஊர்க் குயவரிடம், ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொடுக்கும் சடங்கு. யார் கையால் அந்த மண் போகிறது, குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோகும் புரவி எடுப்பின்போது எந்தக் குதிரை முன்னால் போகிறது, யார் தலையில் பரிவட்டம் கட்டப்படுகிறது என்பதெல்லாம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டவை. முதல் மரியாதை மாறினால் திருவிழாவே நின்றுபோகும். அப்படி நின்றுபோன ஊர்களில் வட்டாட்சியர் இரு தரப்பையும் அழைத்து அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவதை நாளிதழில் பார்த்திருக்கிறோம். 1245இல் தண்டநாயக்கர் உட்கார்ந்த நாற்காலியில் இன்று வட்டாட்சியர் உட்கார்ந்திருக்கிறார். குதிரை மண்ணாகக் கரைவதால் அதிகாரம் கரைந்துவிடுவதில்லை. இன்னும் சொல்லப்போனால், கல்லில் ஒருமுறை வெட்டிவிட்டு ஓய்ந்துபோகும் அரசனைவிட, ஒவ்வோர் எடுப்புக்கும் தங்கள் வரிசையை ஊரறிய நிலைநாட்ட வேண்டியிருக்கும் ஊர்த்தலைவர்களான நாட்டார்களின் பாடு கடினமானது.

கானாடுகாத்தானுக்கு வருவோம். நேர்கோட்டுத் தெருக்கள், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள், மாடத்தின் நடுவில் கஜலட்சுமி, இருபுறமும் சுதையாலான காவலர்கள். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் நகரத்தார் என்னும் செட்டிநாட்டு வணிகர் ஈட்டிய பொருள் தேக்காகவும் பளிங்காகவும் இங்கே வந்து இறங்கியது; 1942இல் பர்மா சப்பானியர் கைக்குப் போனதோடு அந்தக் கதையும் முடிந்துபோனது. வீடுகளைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றியும் முட்டைவெள்ளைப் பூச்சைப் பற்றியும் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. என் கண் போனது மாடத்து விளிம்பில் நிற்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மேல். ஒரு வீட்டில் அவன் துப்பாக்கியின் முனை உடைந்து துருவேறிய கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தொப்பியின் நீலம் மட்டும் எப்படியோ மங்கவில்லை.

வாசலில் நின்ற ஆச்சியிடம், இதை மாற்ற நினைத்ததில்லையா என்று கேட்டேன். “எங்க ஐயா காலத்துல வச்சது. அன்னைக்கு அவுக ஆட்சிதானே? மகாலட்சுமிக்குக் காவல் நிக்கட்டும்னு வச்சாக” என்று சிரித்தார். அவர் சொன்னதைவிடத் தெளிவாக இதை விளக்க முடியாது. படையில்லாத வணிகர்கள் ஆட்சியின் உருவத்தையே வாங்கித் தங்கள் வீட்டு வாயிலில் காவலுக்கு நிறுத்தினார்கள். தெருவில் போகிறவர் பார்த்தால் வெள்ளைக்காரன் கும்பிடு போட்டு நிற்கிறானா, வீட்டுக்காரர் அவனுக்குக் கும்பிடு போடுகிறாரா என்று சட்டென்று சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் வைத்ததுதான் அவர்களுடைய சாமர்த்தியம்.

ஆட்சி கையில் இல்லாதவர்கள் பொதுவிடத்தில் தங்களுக்கென்று இடம் பிடிப்பதற்குப் பொம்பெயி நகரத்தில் ஒரு நல்ல சான்று உண்டு. கி.பி. 62இல் நிலநடுக்கத்தில் இடிந்த ஈசிஸ் கோயிலை அடித்தளத்திலிருந்து கட்டிக்கொடுத்தவர் நுமேரியஸ் போப்பிடியஸ் செல்சினஸ் என்றும், அதற்காக அவரை நகர மன்றத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் அதன் வாயிற் கல்வெட்டு சொல்கிறது. அந்த உறுப்பினருக்கு வயது 6. தந்தை அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்பதால் மன்றத்தில் உட்காரச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. எனவே பிள்ளையின் பெயரில் திருப்பணி நடந்தது.

திருப்பணி என்ற பேச்சு எழுந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது நகரக் கோயில்களை நகரத்தார் இன்றுவரை கண்ணும் கருத்துமாகக் காத்துவருவதை யாரும் மறுக்க முடியாது. அவர்கள் கை படாமல் போயிருந்தால் தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் விளக்கே எரிந்திருக்காது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடந்த பெரிய திருப்பணிகளில், பழைய கட்டுமானங்களை முற்றிலும் பிரித்துவிட்டுப் புதுக் கருங்கல்லால் கட்டிய இடங்கள் பல. பிரித்த கல்லோடு கல்வெட்டும் போயிற்று. கல்வெட்டாய்வாளர்கள் இதைச் சொல்லும்போது குரலில் இருக்கும் வருத்தம் நியாயமானது. திருமயத்துச் சுவரில் ஓரத்தில் நாலு எழுத்தாவது எஞ்சின. இங்கே சுவரே எஞ்சவில்லை.

இதற்கு நேர்மாறான உணர்ச்சியைத் தந்தது காளையார்கோவில். புறநானூற்றின் 21ஆம் பாடலில் ஐயூர் மூலங்கிழார் பாடும் கானப்பேரெயில் இதுவே. ஆழ்ந்த அகழி, வானளாவும் மதில், விண்மீன் போன்ற ஞாயில்கள் (மதில்மேல் அம்பெய்யும் மறைவிடங்கள்), கதிர் நுழையாக் காவற்காடு என்று அவர் அடுக்குவதெல்லாம், அதைப் பறிகொடுத்த வேங்கைமார்பனின் துயரத்தைப் பெரிதாக்கிக் காட்டத்தான். உலைக்களத்தில் இரும்பு குடித்த நீரைக்கூட மீட்டுவிடலாம், இந்தக் கோட்டையை மீட்க முடியாது என்று அவன் வருந்துகிறானாம். கோட்டை இப்போது இல்லை. ஊருக்குள் நுழையும் முன்பே கண்ணில் படுவது மருது சகோதரர்கள் எழுப்பிய 150 அடிக்கு மேற்பட்ட இராசகோபுரம். அருகில் பாண்டியர் காலத்துப் பழைய கோபுரம் தாழ்ந்து நிற்கிறது.

1772இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையோடு (கிழக்கிந்தியக் கம்பெனிப் படை) நடந்த போரில் கொல்லப்பட்டது இதே காளையார்கோவிலில்தான். 1780இல் வேலுநாச்சியார் சீமையை மீட்டபோது உடன் நின்ற மருதிருவரும் அரச குடியில் பிறந்தவர்கள் அல்லர். தங்கள் மன்னர் வீழ்ந்த மண்ணில், பாண்டியன் கோபுரத்தைவிட உயரமாக ஒன்றை எழுப்பியது பக்தியோடு சேர்ந்த ஓர் அரசியல் அறிவிப்பு என்றே படிக்கிறேன். மானாமதுரையிலிருந்து ஆட்களை வரிசையாக நிறுத்திச் செங்கல்லைக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. 1801 சூன் மாதத்தில் திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் தங்கள் பிரகடனத்தை ஒட்டிய அதே மருதிருவர், சுவருக்கு என்ன வலிமை என்று நன்கு அறிந்தவர்கள். கோபுரத்தை வெடிவைத்துத் தகர்ப்போம் என்று வெள்ளையர் மிரட்டியதால்தான் அவர்கள் பிடிகொடுத்தார்கள் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள் என்பது வரலாறு. எழுப்பியவர்களை அழித்தவர்கள் எழுப்பியதை விட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கில் கும்பினியின் கை அந்தக் கல்லை எட்டவில்லை.

ஊர் திரும்ப மதுரை வழியாகப் போவதால் கீழடியையும் பார்த்தேன். அகழாய்வில் செங்கல் கட்டுமானம், உறைகிணறு, ஆதன், குவிரன் என்று பானையில் கீறிய பெயர்கள் எல்லாம் கிடைத்தன. அரசனின் சிலையோ அரண்மனையோ கிடைக்கவில்லை. மொகஞ்சதாரோவும் இப்படித்தான். அவ்வளவு பெரிய நகரத்தில் பூசகர்-அரசர் என்று நாம் பெயர் சூட்டிய சிலையின் உயரம் 17.5 சென்டிமீட்டர். இப்படி ஆள்பவரின் முகம் தெரியாத ஒரு நகரத்துக்காக 2023இல் அரசு திறந்த அருங்காட்சியகம், தூணும் தாழ்வாரமும் முற்றமுமாகச் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் எழுந்திருக்கிறது. கட்டடம் அழகாகவே இருக்கிறது, காட்சியமைப்பும் நன்று. ஆனால் நூறாண்டு வணிகர் மாளிகையின் உடையை ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊருக்கு உடுத்திப் பார்க்கும் உரிமையை ஆட்சியிலிருப்பவர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் பார்வையாளர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிச்சந்தைத் திடலில் அகழாய்வு நடந்த தோப்பை முதலில் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்குள் போவது நல்லது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் அதிகமில்லை, ஆட்டோ கிடைக்கும்.